ஆறு வினாக்கள், மூன்று மணி நேரம்



அண்மையில் எனக்கு வந்த மடல்களுள் ஒன்றுக்குத் தனியே மறுமொழி எழுதிய பின்னரும், அப்பொருளை இப்பக்கத்தில் விரித்துரைத்தல் பலருக்கும் பயன்படும் எனத் தோன்றியது. எழுதியவர் பேருந்துப் பணிமனையொன்றில் பணியாற்றும் ஒரு தந்தை. மகள் ஒன்பதாம் வகுப்பில் பயில்கின்றாள். கணக்கில் இயல்பாகவே நாட்டமுடையவள். பள்ளியின் கணித ஆசிரியை அவளை அழைத்து, நாடு தழுவிய கணித ஒலிம்பியாடின் முதல் தேர்வுக்குப் பெயர் கொடுக்குமாறு கூறியிருக்கின்றார். அன்று முதல் அவ்வில்லத்தில் அமைதி இல்லை. பொறியியல் நுழைவுத் தேர்வுக்கு இப்பொழுதே ஆயத்தம் செய்யாமல் இந்த வேண்டாத வேலை எதற்கு என்கின்றார் தாய்மாமன். பயிற்சி நிலையத்தில் சேர்ப்பதற்காகத் தாயின் வளையல்களை அடகு வைக்கலாமா என்ற பேச்சும் எழுந்திருக்கின்றது. எந்தப் பயிற்சி நிலையம் நல்லது, எந்தப் புத்தகம் வாங்குவது, நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம் படிக்க வேண்டும் என்று மூன்று கேள்விகளைத் தந்தை வரிசையாகக் கேட்டிருந்தார். மடலை முடித்துக் கையொப்பமும் இட்ட பின்னர், ஓரத்தில் நான்காவதாக ஒன்றை நெருக்கி எழுதியிருந்தார்: “மூன்று நாளாக ஒரே கணக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், சாமி. ஏட்டில் ஒரு வரி இல்லை. பாத்திரம் கழுவும்போதுகூடக் குழாயைத் திறந்துவிட்டு அப்படியே நிற்கிறாள் என்று அவள் அம்மா அழுகிறாள். இது படிப்புத்தானா? நிறுத்திவிடட்டுமா?”

முதல் மூன்று கேள்விகளுக்கும் விடை கூறுதல் எளிது. மடலின் உயிர் நான்காவதில்தான் இருக்கின்றது. ஆயினும், இத்தேர்வு எத்தகையது என்பதை அறியாத பெற்றோருக்காக முதலில் சிறிது கூறியாக வேண்டும். நம் பங்கிலுள்ள ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர் இரண்டு மாலைப் பொழுதுகள் என்னுடன் அமர்ந்து இவற்றை விளக்கினார். கணக்கைப் பற்றி நான் இங்கு எழுதுவனவற்றுள் தெளிவாக உள்ளவை அவருடையவை.

அனைத்துலகக் கணித ஒலிம்பியாடு 1959-ஆம் ஆண்டு ருமேனியாவில் தொடங்கியது. இந்தியா 1989 முதல் அதில் பங்கு பெற்று வருகின்றது. 1996-இல் பம்பாயிலேயே அது நடந்தது. 2024-இல் இங்கிலாந்தின் பாத் நகரில் நம் நாட்டு மாணவர் அறுவர் 4 தங்கமும் 1 வெள்ளியும் பெற்று, ஒரு சிறப்புக் குறிப்பையும் சேர்த்து, நாடுகளின் வரிசையில் நான்காம் இடத்தை அடைந்தனர். அந்த அறுவரைத் தேர்ந்தெடுக்கும் ஏணியின் முதற்படியைத்தான் ஐ.ஓ.க்யூ.எம். என்கின்றனர். எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை பயில்வோர் எழுதலாம். 30 வினாக்கள், 3 மணி நேரம். விடை ஒவ்வொன்றும் இரண்டு இலக்கத்துள் அடங்கும் எண். அதில் தேறியோர் வட்டார அளவிலான ஆர்.எம்.ஓ. எழுதுவர். அங்கும் 3 மணி நேரமே, ஆனால் வினாக்கள் ஆறு மட்டும். அதன்பின் தை மாதத்தை ஒட்டி தேசிய அளவிலான ஐ.என்.எம்.ஓ.; அதிலும் தேறியோருக்குக் கோடையில் பயிற்சி முகாம்; அம்முகாமின் முடிவில் அறுவர். இவற்றையெல்லாம் பொறுப்பேற்று நடத்துவது பம்பாயில் மான்குர்டு என்னுமிடத்தில் உள்ள ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம். எண் கோட்பாடு, இயற்கணிதம், வடிவியல், எண்ணும் முறைகள் என்னும் நான்கிலிருந்தே வினாக்கள் வரும். நுண்கணிதம் தேவையில்லை. வேறு வகையிற் கூறின், பத்தாம் வகுப்பைத் தாண்டாத ஒரு பிள்ளைக்குப் புரியாத சொல் அத்தாளில் அநேகமாக இராது. புரிகின்ற சொற்களால் ஆன கேள்விக்கு விடை மட்டும் புலப்படாது.

பொறியியல் படிப்புக்கான ஜே.இ.இ. முதன்மைத் தேர்வில் இன்று மூன்று பாடங்களுக்குமாக 75 வினாக்கள். நேரம் 3 மணி. ஒரு வினாவுக்கு இரண்டரை நிமிடமும் முழுதாக இல்லை. ஆர்.எம்.ஓ.வில் ஒரு வினாவுக்கு அரை மணி. அனைத்துலகத் தேர்விலோ நாளொன்றுக்கு மூன்று வினாக்கள், நான்கரை மணி நேரம், இவ்வாறு இரண்டு நாள்கள். ஆக, ஒரு வினாவுக்கு ஒன்றரை மணி நேரம். இந்த எண்களைக் கண்ட பிறகு ஒன்று விளங்கும். முதலாவது தேர்வுக்குப் பயிலும் பிள்ளை, வினாவைக் கண்டவுடன் ‘இது இன்ன வகை’ என அடையாளம் கண்டு கைவேகத்தில் முடிக்கப் பழக வேண்டும். அதுவும் ஒரு திறமையே; அதனை நான் இகழவில்லை. இரண்டாவது தேர்வுக்குப் பயிலும் பிள்ளையோ, எந்த வகையிலும் சேராத வினாவின் முன் கலங்காமல் அமர்ந்திருக்கப் பழக வேண்டும். ஒன்றுக்கான பயிற்சி மற்றொன்றுக்கு ஆகாது. ஓட்டப்பந்தயத்துக்குப் பழகியவனைக் கிணறு வெட்ட இறக்குவது போன்றது அது.

இனி அம்மகள் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்த கணக்குக்கு வருவோம். தந்தை அதனையும் மடலில் படியெடுத்து அனுப்பியிருந்தார். ஐந்தாம் நாள் அவளே விடை கண்டுவிட்டாள் என மறுமடல் வந்த பின்னரே இதனை அச்சுக்குத் தருகின்றேன்; அன்றேல் இவ்விதழ் அவள் கையில் சிக்கி அவளுடைய உழைப்பைக் கெடுத்திருக்கும். கணக்கு இதுதான்: ஒரு விருந்தில் 20 பேர் கூடியுள்ளனர். அவர்களுள் சிலர் ஒருவரையொருவர் அறிவர், சிலர் அறியார். (நான் உம்மை அறிவேனாயின் நீரும் என்னை அறிவீர் எனக் கொள்க.) அவ்விருபதின்மருள், அங்கு வந்தோரில் ஒரே எண்ணிக்கையினரை அறிந்தவர்களாக எவரேனும் இருவர் கட்டாயம் இருப்பர் என நிறுவுக.

நம் பங்குத் திருவிழா விருந்தை நினைத்துக்கொள்ளுங்கள். யார் யாரை அறிவர் என்று நமக்கு ஒன்றும் சொல்லப்படவில்லை. எவ்வாறு வேண்டுமாயினும் இருக்கலாம். இருந்தும், எந்த விருந்தாயினும் அத்தகைய இருவர் இருந்தே தீருவர் எனக் காட்ட வேண்டுமாம். கூட்டவோ பெருக்கவோ எதுவும் இல்லை. பாடநூலின் எந்த வாய்பாடும் இங்கே உதவாது.

முதல் நாள் அவள் 20 புள்ளிகளை இட்டு, அறிந்தோரைக் கோடுகளால் இணைத்துப் பார்த்திருக்கின்றாள். தாள் முழுவதும் சிலந்தி வலையாயிற்று. இரண்டாம் நாள் தானாகவே ஒரு நல்ல காரியம் செய்தாள்: இருபதை விட்டுவிட்டு மூவரை வைத்துப் பார்த்தாள். மூவரிலும் அவ்விருவர் இருந்தனர். நால்வரிலும் இருந்தனர். ஏன் என்று மட்டும் தெரியவில்லை. மூன்றாம் நாள் சுவரில் முட்டினாள். 20 பேருள் ஒருவர் அறியக்கூடியவர்களின் எண்ணிக்கை 0 முதல் 19 வரை எதுவாகவும் இருக்கலாம். 0 முதல் 19 வரை எண்ணினால் மொத்தம் 20 எண்கள். ஆட்களும் 20 பேர். ஆளுக்கு ஓர் எண்ணாகப் பங்கிட்டுவிட்டால் இருவருக்கு ஒரே எண் வரவேண்டிய கட்டாயமே இல்லையே! நிறுவச் சொன்ன செய்தி பொய்யோ என்று ஐயுறும் இடம் இது. குழாய் திறந்தபடி இருந்தது இந்நாளில்தான்.

நான்காம் நாள் என்ன நடந்தது என்று எவருக்கும் தெரியாது. ஐந்தாம் நாள் காலையில் அவள் எழுதிய விடை ஐந்தே வரிகள். எல்லாருக்கும் வெவ்வேறு எண் எனக் கொள்வோம். அப்படியாயின் ஒருவருக்கு 19 வர வேண்டும். அவர் அங்குள்ள அனைவரையும் அறிந்தவர். இன்னொருவருக்கு 0 வர வேண்டும். அவர் எவரையும் அறியாதவர். ஆனால் அனைவரையும் அறிந்தவர் இந்த எவரையும் அறியாதவரையும் அறிந்திருக்க வேண்டுமே! ஆகவே 0, 19 ஆகிய இரண்டும் ஒரே விருந்தில் இருக்க இயலாது. எஞ்சும் எண்கள் 19 மட்டுமே. ஆட்களோ 20 பேர். 19 கூடுகளில் 20 புறாக்கள் அடைந்தால் ஏதேனும் ஒரு கூட்டில் இரண்டு இருந்தாக வேண்டும் அல்லவா? முடிந்தது.

குருமடத்தில் மெய்யியல் பயின்ற காலத்தில், மறுதலையை மெய்யெனக் கொண்டு அதனின்று முரண்பாட்டை வருவித்து நிறுவும் முறையை எமக்குக் கற்பித்தனர். அதற்கென இலத்தீன் பெயர்களை மனப்பாடம் செய்தோம். பணிமனைத் தொழிலாளியின் வீட்டுத் திண்ணையில் பதினான்கு வயதுப் பெண்ணொருத்தி அம்முறையைப் பெயர் தெரியாமலே கண்டெடுத்திருக்கின்றாள் என்று படித்தபோது எனக்குப் பெருமகிழ்ச்சி உண்டாயிற்று என்பதை மறைப்பானேன்?

எனவே, தந்தையின் நான்காவது கேள்விக்கு என் விடை: ஆம், அதுவே படிப்பு. ஏட்டில் வரியில்லாத அந்த மூன்று நாள்கள் வீணாகவில்லை. அவை இல்லாமல் ஐந்தாம் நாள் இல்லை. உடல் உழைப்பால் பிழைக்கும் குடும்பங்களில் உழைப்பு என்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும் என எதிர்பார்க்கின்றோம். பக்கம் பக்கமாக எழுதினால் படிக்கின்றான் என்கின்றோம். உரக்க வாசித்தால் இன்னும் நன்று. சும்மா இருக்கும் பிள்ளையைக் கண்டால் நமக்கு அச்சம் பிறக்கின்றது. அச்சம் இயல்பே. ஆனால் அந்த அச்சத்தால் இடையே புகுந்து, ‘விடையைப் பார்த்துவிட்டு அடுத்ததைப் போடு’ என்று சொல்லிவிட்டால், அப்பிள்ளையிடம் எதை வளர்க்க விரும்பினோமோ அதையே வெட்டியவர்களாவோம்.

இதற்கும் மனச்சோர்வுக்கும் வேறுபாடு அறிவது எப்படி என்று தாய்மார் கேட்கலாம். கேட்க வேண்டியதே. பிள்ளை உண்கின்றதா, உறங்குகின்றதா, தம்பி தங்கையருடன் சிரித்துப் பேசுகின்றதா, பிற பாடங்களையும் செய்கின்றதா எனப் பாருங்கள். இவை நடக்குமாயின், குழாயை நீங்களே மூடிவிட்டு அப்பால் செல்லுங்கள். உணவும் உறக்கமும் கெட்டால் அது கணக்கின் குற்றமாயினும் சரி, அல்லவாயினும் சரி, ஏட்டை மூடி வைக்கச் செய்து பிள்ளையுடன் அமர்ந்து பேசுங்கள். தேவையாயின் மருத்துவரிடமும் செல்லுங்கள். எந்தத் தேர்வும் அதைவிடப் பெரிதன்று.

பயிற்சி நிலையத்தைப் பற்றி. தேர்வுக்கென்றே தனிப் பயிற்றுநரை அமர்த்தும் வழக்கம் நம் நாட்டில் தோன்றியதன்று. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் டிரைப்பாஸ் என்னும் கணிதத் தேர்வில் மாணவரை முதலாமவர், இரண்டாமவர் என வரிசைப்படுத்தி அறிவிக்கும் முறை நெடுங்காலம் இருந்தது. அவ்வரிசைக்காகவே பயிற்றுநர்கள் மாணவரைப் பழக்கினர். ஹார்டி என்னும் இளைஞரும் வெப் என்னும் புகழ்பெற்ற பயிற்றுநரிடம் அனுப்பப்பட்டார். தேர்வுத் தந்திரங்களைத் தவிர வேறொன்றும் அங்கே கிடைக்காதது கண்டு மனம் வெறுத்து, கணிதத்தையே விட்டுவிட எண்ணினார். லவ் என்னும் பேராசிரியர் அவருக்கு ஒரு நல்ல பிரெஞ்சு நூலைப் படிக்கச் சொன்ன பின்னரே, கணிதம் என்பது இன்னதென்று அவருக்குத் தெரிந்தது. 1898-இல் தேர்வில் நான்காவதாக வந்தார். பின்னாளில் அத்தேர்வு முறையைச் சீர்திருத்தக் குரல் எழுப்பியோருள் ஒருவரானார். அவ்வரிசைப் பட்டியல் கடைசியாக வெளியானது 1909-இல். அந்த ஹார்டிக்குத்தான் 1913-ஆம் ஆண்டு சனவரியில் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் எழுத்தர் ஒருவர் மடல் எழுதினார். கும்பகோணம் கல்லூரியில் பெற்ற உதவித்தொகையைப் பிற பாடங்களில் தவறியதால் இழந்து, எப்.ஏ. தேர்விலும் தேறாத சீனிவாச இராமானுசன் அவர். (இதை எழுதும்போதே ஓர் எச்சரிக்கை. இராமானுசனைக் காட்டி ஆங்கிலத்தையும் வரலாற்றையும் கைகழுவும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கின்றேன். உதவித்தொகையை இழந்தபின் அவர் பட்ட வறுமையையும் அவர்கள் படித்தல் நலம்.)

ஆகவே, வளையல்களை அடகு வைக்க வேண்டா என்றே அத்தந்தைக்கு எழுதினேன். நல்ல ஆசிரியர் ஒருவர் கிடைத்தால் அது பெரும்பேறு; மறுக்கவில்லை. ஆனால் கட்டணத்தின் அளவைக் கொண்டு அவரைக் கண்டுபிடிக்க முடியாது. பிள்ளை திணறும்போது உடனே விடையை எழுதிப் போடுபவரா, ‘நான்கு பேரை வைத்துப் பார்த்தாயா?’ என்று மட்டும் கேட்டுவிட்டு நகர்பவரா என்று பாருங்கள். பின்னவர் ஒருவேளை உங்கள் பிள்ளையின் பள்ளியிலேயே சம்பளம் உயராமல் இருக்கலாம். இம்மாணவியின் ஆசிரியை அத்தகையவராகவே தெரிகின்றார்.

புத்தகம் பற்றிய கேள்விக்கும் இதுவே முறை. பழைய வினாத்தாள்கள் ஹோமி பாபா மையத்தின் இணையதளத்தில் காசின்றிக் கிடைக்கின்றன. கிருட்டிணமூர்த்தி, பிராணேசாச்சார், இரங்கநாதன், வெங்கடாசலா ஆகிய நால்வர் சேர்ந்து நம் நாட்டுப் பிள்ளைகளுக்கென எழுதிய ‘சேலஞ்ச் அண்ட் த்ரில் ஆஃப் ப்ரீ-காலேஜ் மாத்தமேட்டிக்ஸ்’ என்னும் நூல் ஒன்று போதும், ஓராண்டுக்கு மேல் வரும். சென்னையில் 1965-இல் தொடங்கப்பட்ட இந்தியக் கணித ஆசிரியர் சங்கம் சிறு வகுப்புப் பிள்ளைகள் முதற்கொண்டு திறனறித் தேர்வுகளை நடத்தி வருகின்றது. இளைய பிள்ளைகள் அங்கே தொடங்கலாம். போல்யா என்னும் அங்கேரிய அறிஞர், கணக்கை அணுகும் முறை பற்றி 1945-இல் வெளியிட்ட சிறு நூலையும் ஆசிரியர்கள் தேடிப் படிக்கலாம். அங்கேரியில் 1894 முதலே பள்ளி முடித்தோருக்குக் கணிதப் போட்டித் தேர்வு இருந்தது. அத்தேர்வுக்குச் சென்ற போல்யா தாளைத் திருப்பிக் கொடுக்காமலே வந்துவிட்டார் என்பர். கணக்கைத் தீர்ப்பது எப்படி என உலகுக்கே கற்பித்தவர் அவர்!

அந்நாட்டைப் பற்றி இன்னொன்றும் சொல்லத் தோன்றுகின்றது, மாத இதழொன்றில் எழுதுபவன் என்ற முறையில். அதே 1894-இல் அரானி என்னும் பள்ளி ஆசிரியர் கியோர் என்ற ஊரிலிருந்து மாணவருக்கான கணித மாத இதழொன்றைத் தொடங்கினார். ஒவ்வோர் இதழிலும் கணக்குகள் வரும். மாணவர் விடை எழுதி அஞ்சலில் அனுப்புவர். நல்ல விடைகள் அவர்தம் பெயருடன் அச்சாகும். சிறந்தோரின் படங்களும் வெளியாகும். போர்களால் இடையிடையே நின்றபோதும் அவ்விதழ் இன்றும் வெளிவருகின்றது. ஒரு கணக்குக்கு ஒரு மாதம்! சிறிய அந்நாடு பெரிய கணித அறிஞர் பலரைத் தந்ததன் காரணங்களுள் இந்தப் பொறுமையையும் ஒன்றாகக் கூறுவர்.

‘இதனால் பிழைப்புக்கு வழி உண்டா?’ என்று தாய்மாமன் கேட்டதை நான் தள்ளிவிட மாட்டேன். அவர் அக்குடும்பத்தின்மேல் உள்ள அன்பால் கேட்கின்றார். வழி உண்டு. அவ்வழியைத் திறந்தோருள் ஒருவர் இயேசு சபைக் குரு என்பதை நம்மவர் பலர் அறியார். சார்லஸ் ரசீன் அடிகளார் 1897-இல் பிரான்சில் பிறந்தவர். பாரிசில் எலி கார்த்தான் என்னும் பேரறிஞரிடம் ஆய்வு செய்து முனைவர் பட்டம் பெற்றவர். 1937-இல் தமிழகம் வந்து, சிறிது காலம் திருச்சி தூய வளனார் கல்லூரியிலும், பின் நெடுங்காலம் சென்னை இலயோலாக் கல்லூரியிலும் கற்பித்தார். அந்நாளைய பாடத்திட்டம் பழைய கேம்பிரிட்ஜின் நிழலாக இருந்தது. அவரோ ஐரோப்பாவில் அப்பொழுது பிறந்துகொண்டிருந்த புதிய கணிதத்தைத் தம் மாணவருக்குக் காட்டினார். தேர்வுக்கு வராத நூல்களைப் படிக்கச் சொன்னார். ஆற்றலுள்ளோரைப் பம்பாயிலுள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் போகத் தூண்டினார். அவ்வாறு 1953-இல் சென்றவர்கள் காஞ்சிபுரத்தில் பிறந்த சேஷாத்திரியும் அவருடைய தோழர் எம்.எஸ். நரசிம்மனும். இருவரும் சேர்ந்து 1965-இல் வெளியிட்ட தேற்றம் அவ்விருவர் பெயராலேயே உலகெங்கும் வழங்குகின்றது. ரசீன் அடிகளார் 1976-இல் மறைந்தார். சேஷாத்திரி 1989-இல் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். அதுவே இன்று சிறுசேரியில் இயங்கும் சென்னைக் கணிதக் கழகம்.

அங்கே பள்ளிப்படிப்பை முடித்தோருக்கு 1998 முதல் இளங்கலைப் பட்டப் படிப்பு நடைபெறுகின்றது. அதற்கான நுழைவுத் தேர்வும் நாம் மேலே கண்ட வகையைச் சேர்ந்ததே: ஒரு பகுதி குறுவிடைகள், மற்றொரு பகுதி காரணம் காட்டி நிறுவ வேண்டியவை. கொல்கத்தாவில் மகலனோபிசு நிறுவிய இந்தியப் புள்ளியியல் கழகத்தின் நுழைவுத் தேர்விலும் எழுதி நிறுவும் தாள் உண்டு. ஒலிம்பியாடுக்கெனப் பழகிய பழக்கம் இவ்விடங்களிலெல்லாம் உதவும். கணிதம் பயின்றோர் கணினித் துறையிலும் நிதித் துறையிலும் ஆராய்ச்சியிலும் நல்ல நிலையில் வாழ்கின்றனர். பொறியியலுக்கே செல்வதாயினும் இழப்பில்லை. அதனை ஒன்பதாம் வகுப்பிலேயே முடிவு செய்யவும் வேண்டுவதில்லை.

பெண் பிள்ளை ஆயிற்றே என்ற சொல் அம்மடலில் இல்லை. ஆனால் வரிகளுக்கிடையே இருந்தது. ஈரானில் பிறந்த மரியம் மீர்சாகானி என்னும் பெண் 1994-இலும் 1995-இலும் ஒலிம்பியாடில் தங்கம் பெற்றார்; இரண்டாம் முறை 42-க்கு 42. கணிதத்தின் மிக உயர்ந்த விருதுகளுள் ஒன்றான ஃபீல்ட்ஸ் பதக்கத்தை 2014-இல் பெற்றபோது அதனைப் பெற்ற முதல் பெண் அவரே. 2017-இல் நாற்பது வயதில் நோயால் மறைந்தார். அவர் தம்மை மெதுவாகச் சிந்திப்பவர் என்றே கூறிக்கொண்டார் என்பதை, குழாயடியில் நிற்கும் மகளையுடைய தாய்மார் நினைவில் கொள்க. மாணவியருக்கென்றே ஐரோப்பிய ஒலிம்பியாடு ஒன்று 2012 முதல் நடக்கின்றது. அதற்கு இந்தியாவும் நான்கு மாணவியரை அனுப்பி வருகின்றது.

நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம்? ஒரு மணி. ஆனால் அது முழு ஒரு மணியாக இருக்கட்டும். இடையே கடைக்கு அனுப்பாதீர்; தொலைக்காட்சியை நிறுத்துவீர்; கைப்பேசியை வேறு அறையில் வைப்பீர். ஒரே அறையுள்ள வீடாயின், அந்த ஒரு மணி நேரம் ஏனையோர் திண்ணையில் அமர்ந்து பேசலாம். இவ்வளவே பெற்றோர் தரக்கூடிய பயிற்சிக் கட்டணம். கணக்கு தெரியாத பெற்றோரும் செய்யக்கூடிய உதவி ஒன்று உண்டு. வினாவைத் தமிழில் உங்களுக்குச் சொல்லச் சொல்லுங்கள். தேர்வில் தவறும் பிள்ளைகளுள் பலர் கணக்கில் தவறுவதில்லை. ‘குறைந்தது மூன்று’ என்பதற்கும் ‘சரியாக மூன்று’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டை ஆங்கிலத்தில் படிக்கும்போது தவறவிடுகின்றனர். பாட்டிக்குப் புரியுமாறு வினாவைச் சொல்ல முடிந்த பிள்ளை பாதி வழி வந்துவிட்டது. விடை கண்டபின் அதனை முழு வாக்கியங்களில் எழுதித் தம்பிக்கு வாசித்துக் காட்டட்டும். மேல்படித் தேர்வுகளில் விடை மட்டும் எழுதினால் மதிப்பெண் அரிது. ஒவ்வொரு படிக்கும் காரணம் வேண்டும். ‘ஏன்?’ என்று தம்பி கேட்கும் இடத்தில் ஒரு வரி குறைகின்றது என்று பொருள்.

முயன்று முடியாத கணக்குகளுக்கெனத் தனி ஏடு ஒன்றும் இருக்கட்டும். ஒரு வாரம் கழித்து, இரண்டு மாதம் கழித்து அவற்றுக்குத் திரும்பலாம். அச்சிட்ட விடையைப் பார்க்கவே கூடாது என நான் சொல்லவில்லை. பலமுறை முயன்ற பின், முதல் இரண்டு வரிகளை மட்டும் பார்த்து மூடிவிடலாம்.

வெற்றி வாய்ப்பைப் பற்றி மறைக்காமல் சொல்லிவிடுகின்றேன். முதற்படியிலேயே பெரும்பாலோர் நின்றுவிடுவர். மிக நல்ல பிள்ளைகளும் நிற்பர். அம்மகள் இவ்வாண்டு தேறாமற் போகவே வாய்ப்பு மிகுதி. அவளுக்கு இன்னும் மூன்று ஆண்டுகள் உள்ளன. ஆதலால் தேர்வு எழுதப் போவதை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிய வேண்டா. முடிவு வரும் நாளில் வாசலில் நின்று விசாரிக்க வரும் உறவினரைவிடப் பெரிய சுமை ஒரு பிள்ளைக்கு வேறில்லை. அனைத்துலகத் தேர்வில்கூட, பதக்கம் பெறாவிடினும் ஆறு வினாக்களுள் ஒன்றனுக்கு முழுமையான விடை எழுதியவருக்குச் சிறப்புக் குறிப்பு என்ற மதிப்பைத் தருகின்றனர். முழுமையாக ஒன்று! ஐந்து வரி விடை எழுதிய காலையில் வீட்டில் யாரேனும் அவளுக்கு ஒரு சிறப்புக் குறிப்பு கொடுத்தார்களா என்று தந்தையிடம் கேட்டிருந்தேன். அன்று மாலை மல்லிகைப்பூ வாங்கி வந்ததாக எழுதியிருக்கின்றார். தாய்மாமனும் அக்கணக்கைத் தம் பணியிடத்தில் சொல்லிப் பார்த்தாராம். அங்கே எவருக்கும் விடை வரவில்லையாம்.

முதல் தேர்வு வழக்கமாகச் செப்டம்பர் மாதத் தொடக்கத்தில், ஞாயிற்றுக்கிழமையில் நடைபெறும். சில மாதங்கள் முன்னதாகவே பதிவு தொடங்கிவிடுமாதலால், விருப்பமுள்ளோர் கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்தவுடன் கணித ஆசிரியரை அணுகுக. ஊரில் தேர்வு மையம் இல்லையெனில் அருகிலுள்ள நகரில் எழுத நேரும். நம் பங்கிலிருந்து இருவர் மூவர் சேர்ந்தால் பயணத்துக்கு ஏற்பாடு செய்கின்றேன். தேர்வெழுதச் செல்வோர் சனிக்கிழமை மாலைத் திருப்பலியில் பங்கு கொள்ளலாம்.

அங்கேரிய இதழைப் பின்பற்றி நானும் ஒரு கணக்கு இட்டுச் செல்கின்றேன். பலகையில் 1 முதல் 10 வரையுள்ள எண்கள் எழுதப்பட்டுள்ளன. ஏதேனும் இரண்டு எண்களை அழித்துவிட்டு, அவற்றின் வேறுபாட்டை, அதாவது பெரியதிலிருந்து சிறியதைக் கழித்து வருவதை, அவ்விடத்தில் எழுதுக. இவ்வாறே மீண்டும் மீண்டும் செய்து வந்தால், ஒன்பது முறைக்குப் பின் ஒரே ஓர் எண் எஞ்சும். அது 0 ஆக இருக்க முடியுமா? முடியுமெனில் செய்து காட்டுக. முடியாதெனில் ஏன் என்று கூறுக. எட்டாம் வகுப்புக்கு மேற்பட்டோர் மட்டுமின்றிப் பாட்டன்மாரும் எழுதலாம். அடுத்த இதழில் விடையை வெளியிடுவதாக இல்லை. அதற்கடுத்த இதழில் பார்ப்போம்.